பரப்புவிளைப் பிள்ளைகள் எடை ஏறிய வருஷம்

தங்கபுஷ்பத்தின் மகள் சாப்பாட்டை நிறுத்திய மாசத்திலிருந்துதான் பரப்புவிளையில் பிள்ளைகள் எடை ஏற ஆரம்பித்தார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று இப்போது போய்க் கேட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். கடல் ஏறினால் கிணறு கரிக்கிறது, காற்று நின்றால் பாத்தியில் உப்பு விளையாமல் கிடக்கிறது, ஒரு பக்கம் வற்றினால் ஒரு பக்கம் ஊறத்தானே செய்யும் என்பார்கள், சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அது அப்படிப்பட்ட ஊர்.

மூன்று பக்கமும் உப்பளம், ஒரு பக்கம் கடல், நடுவில் இருநூறு வீடு. பெண்கள் விடியுமுன்னே அளத்துக்குப் போய், உப்பு வாரி, தலையில் சுமந்து கொட்டி, உச்சி வெயிலில்தான் திரும்புவார்கள். அதுவரைக்கும் கைப்பிள்ளைகள் யாராவது ஒருத்தர் மடியில் கிடக்கும், பழைய கஞ்சி கிடைத்தால் குடிக்கும், கிடைக்காவிட்டால் விரலைச் சூப்பும். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தங்கபுஷ்பம் பத்தொன்பது வருஷமாக அங்கன்வாடி டீச்சர். புருஷன் மஸ்கட்டில் வெல்டர், வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து முகம் காட்டிவிட்டுப் போகிற ஆள். வீடும் மையமும் ஒட்டுச்சுவர். மாசம் ஐந்தாம் தேதி எடை போடுகிற நாள்: உத்தரத்தில் தொங்குகிற தராசில் துணிப்பையை மாட்டி, அதில் பிள்ளையை உட்காரவைத்து, அது உதைத்து அலறி அடங்குகிறவரை காத்திருந்து, முள் நின்றதும் தங்கபுஷ்பம் சத்தமாக வாசிப்பாள், ஆயா வள்ளிமயில் அட்டையில் புள்ளி வைப்பாள். பச்சையில் விழுந்தால் நல்ல எடை, மஞ்சளில் விழுந்தால் குறைவு, சிவப்பில் விழுந்தால் ஆபத்து. இருபத்துமூன்று பிள்ளைகளில் பச்சையில் நின்றவை நாலோ ஐந்தோதான். சிவப்பிலேயே குடியிருந்தவன் பேச்சித்தாயின் மகன் முத்துஹரிஷ். ரெண்டு வயசு முடிந்தும் ஏழு கிலோவைத் தொடாமல், தலை மட்டும் பெரிசாக, யாரைப் பார்த்தாலும் சிரிப்பான்.

தங்கபுஷ்பத்தின் மகள் சுபிதா அப்படியில்லை. பிறந்தபோதே குண்டுப் பிள்ளை, அப்பாவின் அக்காவை உரித்துவைத்த உடம்பு. எல்லோரும் தின்கிற சோற்றைத்தான் தின்றாள், எல்லோரும் நடக்கிற தூரத்தைத்தான் நடந்தாள், உடம்பு அதன் பாட்டுக்கு வளர்ந்தது. ஊருக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைக்கென்று கொடுக்கிற சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போனதும் ஐந்து வாய்க்குப் பங்காகிறது என்பதை யாரும் பேசமாட்டார்கள், பேசினால் தன் வீட்டு அடுப்பையல்லவா பேசவேண்டும்; அதைவிட வசதியான காரணம் ஒன்று தினமும் காலையில் புத்தகப்பையோடு பஸ்ஸுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. "பிள்ளையளுக்கு உள்ள மாவெல்லாம் எங்க போவுதுன்னு கண்ணுலயே தெரியுதே" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள், குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்புறம் அது சிரிக்கிற பேச்சாக இல்லாமல் நம்புகிற பேச்சாக ஆயிற்று, யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டான், ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஜீப்பில் அதிகாரி அம்மா வந்து இறங்கினாள்.

அன்றைக்கு சுபிதாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு, மையத்தில் அம்மாவுக்குக் கூடமாட இருந்தாள். ஜீப் சத்தம் கேட்டதும் தங்கபுஷ்பம் கையிலிருந்த பதிவேட்டைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்திருப்பாள். "மக்கா, மேடம் போற வரைக்கும் நீ அந்த உள்ரூம்ல இரு, வெளிய வராத" என்று மாவு மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் அவளை அனுப்பி வெளியே தாழ்ப்பாளைப் போட்டாள். அதிகாரி அம்மா பதிவேட்டைப் பார்த்தாள், கடைசியில் அந்த அறையையும் திறந்து பொட்டலங்களை எண்ணினாள், மூட்டைகளுக்கு இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் சுபிதா, "எனக்குப் பசிக்கலம்மா" என்றாள்.

மறுநாளும் பசிக்கவில்லை. மூன்றாம் நாள் ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தாள். பரீட்சை பயம் என்று நினைத்தாள் தங்கபுஷ்பம், வெயில் சூடு என்று நினைத்தாள், உள்ளுக்குள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் மெலிந்தால் இவளுக்கும் நல்லதுதானே, எனக்கும் பேச்சு மிச்சம்தானே என்றும் நினைத்தாள். பெற்றவள்தான், ஆனாலும் நினைத்தாள்.

அந்த மாசம் ஐந்தாம் தேதி தராசில் உட்கார்ந்த பிள்ளைகள் அத்தனையும் ஏறியிருந்தன. ஒன்று இருநூறு கிராம், ஒன்று நூற்றைம்பது, முத்துஹரிஷ் முழுசாக நானூறு கிராம் ஏறி முதல் தடவையாக ஏழு கிலோவைத் தாண்டி நின்றான். தராசின் சுருள்கம்பி போய்விட்டது என்று தங்கபுஷ்பம் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை மாட்டிப் பார்த்தாள். முள் ஒரு கிலோவில் ஆடாமல் நின்றது. வளரிளம் பெண்கள் பட்டியலில் சுபிதா பேரும் உண்டு என்பதால் அவளையும் நிற்கிற தராசில் ஏற்றினார்கள். வள்ளிமயில் அட்டைகளைப் பரப்பிவைத்து விரல்விட்டுக் கூட்டினாள். "டீச்சர், பிள்ளையள் இருபத்துமூணும் சேந்து ஏறினது நாலு கிலோ இருநூறு. நம்ம சுபிதா குறைஞ்சது நாலு கிலோ இருநூறு. இங்க குறைஞ்சது அப்படியே போயி அங்க சேந்திருக்கு" என்றாள், நாளைக்கு கேஸ் வண்டி வருமா வராதா என்று பேசுகிற அதே குரலில். சொல்லிவிட்டு முட்டையை உரிக்கப் போனாள்.

ஊருக்குத் தெரிய ஒரு பொழுது போதாதா என்ன. அளத்திலிருந்து திரும்புகிற வழியிலேயே பெண்கள் அதைப் பேசி முடித்துவிட்டார்கள். எப்படி நடக்கிறது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது பங்கு சரியாக வருகிறதா என்பதுதான். என் பிள்ளைக்கு நூறு, அவள் பிள்ளைக்கு இருநூற்றைம்பது, இது என்ன நியாயம் என்று ரெண்டு பேர் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கேதான் சித்தி வீட்டில் இருக்கிறோம், பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். கர்ப்பிணிகளுக்கும் கொஞ்சம் வரும்படி செய்யமுடியுமா டீச்சரக்கா என்று மரியாதையாக விசாரித்தார்கள். மொட்டைக் கடுதாசி எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது, ஆனால் குழாயடியில் அந்தப் பேச்சை ஆரம்பித்தவள் வீடு தேடி வந்து சுபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்று அழுதாள். சுபிதா சிரித்தாள். ஊர் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை, அதை என்னவென்று சொல்ல.

பிறகு ஊர் அவளைத் தாங்கிய தாங்கலைச் சொல்லி முடியாது. அவள் பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். கடைக்குப் போனால் கடைக்காரர் பிஸ்கட் டப்பாவை மூடிவைத்துக்கொண்டு, "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று அன்பாகத் திருப்பி அனுப்பினார். ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் முதல் இலையை அவளுக்குப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, அதில் ஒரு உப்புக்கல்கூட வைக்காமல் விட்டார்கள். பரிமாறுகிறவர்கள் அந்த இலைக்கு முன்னால் வந்ததும் வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தலையைத் தாழ்த்தி நகர்ந்தார்கள், மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து கும்பிட்டார், பந்தி முடிகிறவரை வெறும் இலைக்கு முன்னால் சுபிதா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இலை தங்கபுஷ்பத்துக்கு. பதினோரு வகை வைத்தார்கள், அவள் சாப்பிட்டாள்.

மூன்று மாசம் தங்கபுஷ்பம் சந்தோஷமாகத்தான் இருந்தாள், இதை மூடி மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது. பத்தொன்பது வருஷமாக சிவப்புப் புள்ளியைப் பார்த்துப்பார்த்து மரத்துப்போன கண்ணுக்கு முதல் தடவையாக எல்லாம் பச்சை. சிவப்பே இல்லாத மையம் என்று கூட்டத்தில் கேடயம் கொடுத்தார்கள், மேடையேறி வாங்கினாள், எப்படிச் சாதித்தீர்கள் என்று மைக்கை நீட்டியபோது, "எல்லாரும் ஒத்துழைச்சாங்க" என்றாள். ஊரிலோ பிள்ளைக்கு ஊட்டுகிற பழக்கமே போய்விட்டது. தானாக ஏறுகிற பிள்ளைக்கு எதற்கு மாவைக் கிண்ட வேண்டும்? பொட்டலங்கள் ஆட்டுக்குப் போயின. பரப்புவிளை ஆடுகள் அந்த வருஷம் கொழுத்ததுபோல் எந்த வருஷமும் கொழுத்ததில்லை, சந்தையில் நல்ல விலைக்குப் போயின. பேச்சித்தாய் விடியுமுன் எழுந்து காய்ச்சிக்கொண்டிருந்த கஞ்சியையும் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கினாள். அவளைக் குறைசொல்லவும் வாய் வரவில்லை.

தையில் சுபிதாவின் தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. மாசியில் தீட்டு நின்றது. பங்குனி வெயிலில், உப்புப் பாத்தி கண்ணைக் கூசவைக்கிற மத்தியானத்தில், அவள் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குளிருதும்மா என்று சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். கன்னத்தில் கைவைத்தால் எலும்பு தட்டுப்பட்டது. அப்போதும் மாசம் ஐந்தாம் தேதி சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, யார் யார் எவ்வளவு என்று கேட்பாள், தங்கபுஷ்பம் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளியும். அதைக் கேட்பதற்காகத்தான் அவள் அடுத்த மாசத்துக்கு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்பது தங்கபுஷ்பத்துக்கு ஒருநாள் உறைத்தது. உறைத்த அன்றைக்கு அவளும் சாப்பாட்டை விட்டாள். தன் உடம்பு கரைந்து மகள் உடம்பில் போய்ச் சேரட்டும் என்று பதினைந்து நாள் மோரும் தண்ணீருமாகக் கிடந்தாள். ஐந்து கிலோ குறைந்தது, குறைந்தது எங்கேயும் போய்ச் சேரவில்லை, யார் கணக்கிலும் ஏறவில்லை, சும்மா போயிற்று.

ஒரு நாள் காய்ச்சல் வேகத்தில் சுபிதா நினைவில்லாமல் கிடந்தபோது அரை டம்ளர் பாலைப் புகட்டினாள் தங்கபுஷ்பம். மறுநாள் காலையில் வாசலில் பேச்சித்தாய் நின்றாள், இடுப்பில் முத்துஹரிஷ்.

"டீச்சரக்கா, சுபிதா ஏதும் சாப்பிட்டாளா?"

"ஏன் கேக்க?"

"இல்ல, சும்மா கேட்டேன். இவன் இடுப்புக் கயிறு நேத்து இறுக்கமா இருந்துச்சு. இன்னைக்கு நழுவுது." அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. மகனின் கயிற்றை ஒரு முடிச்சு இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

தங்கபுஷ்பம் மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பதினேழு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துத் தூக்க முடிந்தது. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், நாடியைப் பிடித்ததும் முகம் மாறிவிட்டது. "இது பிடிவாதம் இல்லம்மா, நோய். நெஞ்சுத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணும். உடம்புக்கும் வைத்தியம் வேணும், மனசுக்கும் வேணும்." தங்கபுஷ்பம் தயங்கித் தயங்கி ஊர்ப் பிள்ளைகள் சமாசாரத்தைச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டாள், நிமிரவில்லை. "எங்க போகுதுங்கறது எனக்குத் தெரியாது. இங்கருந்து போகுது. எனக்கு அது போதும்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தால், மையத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அளத்திலிருந்து நேராக வந்தவர்கள், கால் வெடிப்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. பேச்சித்தாய்தான் பேசினாள்.

"கொண்டுபோவாதீயன்னு நாங்க சொல்லல டீச்சரக்கா. உங்க பிள்ள உங்களுக்கு. கொஞ்சம் பொறுத்துக் கொண்டுபோங்கன்னுதான் கேக்கோம். ஐப்பசில மழை வந்தா அளத்த மூடிருவாவ, நாங்க வீட்டுல கிடப்போம், கஞ்சி வச்சுப் பிள்ளையளத் தேத்திக்கிடுவோம்."

"ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு பேச்சி. இவ ஏழு நாளு தாங்க மாட்டா."

"அவ தெய்வப்பிறவி, தாங்குவா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல, நான் பெத்தது அது" என்றாள் தங்கபுஷ்பம். "உங்க வீட்டுல மாவு இருக்கு. ஆட்டுக்கு வைக்கதப் பிள்ளைக்கு வைங்க. நான் வேணா வீடு வீடா வந்து கிண்டித் தாரேன், வள்ளிமயில் தருவா."

"விடியுமுன்ன போயிட்டு உச்சிக்கு வாறவ எப்பக்கா கிண்ட? நாலு வாய் ஊட்டதுக்கு ஒரு மணி நேரம் உக்காரணும். அந்த ஒரு மணி நேரத்த எனக்கு யாரு தருவா?" பேச்சித்தாய் அதைச் சண்டையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். தங்கபுஷ்பம் உள்ளே போய்த் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். யாரும் வழியை மறிக்கவில்லை. அவள் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது, பெண்கள் எழுந்து நின்று ஒதுங்கி, துக்க வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சுபிதாவின் கையில் ஊசி குத்திச் சொட்டு மருந்து ஏற்றினார்கள். மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தி தினமும் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வேறு என்னென்னவோ பேசினாள். நாலாம் நாள் அவள் போன பிறகு சுபிதா தானாகவே வாயைத் திறந்தாள்.

"எம்மா, அன்னைக்கு உள்ள இருன்னு சொன்னியே. மூட்டைக்கு நடுவுல உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம். நெசமாவே நான்தான் தின்னுட்டேனோன்னு தோணிச்சு."

"நான் செஞ்சது தப்பு மக்கா."

"தப்புதான். எனக்குக் கோவம்லாம் இல்ல. ஆனா பசிக்க மாட்டேங்கு."

தங்கபுஷ்பம் கட்டிலின் இரும்புக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதாள். சுபிதா குச்சிக் கையை நீட்டி அவள் தலையைத் தடவினாள்.

"அழாத. சாப்பிடுதேன். ஒரு கரண்டி. ஆனா நீ வள்ளிமயிலக்காவுக்குப் போனப் போட்டு எடை போடச் சொல்லணும். ஒரு பிள்ள குறைஞ்சாலும் அடுத்த கரண்டி கேக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

தங்கபுஷ்பம் சத்தியம் பண்ணினாள். அம்மா எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லுவாள், முள் காட்டுகிற எடையை மாற்றிச் சொல்லமாட்டாள் என்று சுபிதாவுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. வள்ளிமயிலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, நர்ஸ் கொண்டுவந்து வைத்த அரிசிக் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றி ஊட்டினாள். சுபிதா அதை வாயில் வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. கஞ்சி ஆடை கட்டி ஆறிப்போன நேரத்தில் போன் அடித்தது.

"டீச்சர், எல்லாரையும் தூக்கிப் போட்டுப் பாத்துட்டேன்" என்றாள் வள்ளிமயில். பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. "மத்ததெல்லாம் நிக்கி. முத்துஹரிஷ்தான் முப்பது கிராம் இறங்கிட்டான். ரெண்டு தடவ போட்டேன். பேச்சி வேற பக்கத்துல நிக்கா, என்ன சொல்லட்டும்?"

"சரி" என்றாள் தங்கபுஷ்பம். போனை வைத்தாள்.

"என்னம்மா சொன்னாவ? யாரு குறைஞ்சா?"

மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் வற்றிப்போனதால் அந்தக் கண் இரண்டும் முகத்தைவிடப் பெரிசாகத் தெரிந்தன.

"யாரும் குறையல மக்கா. எல்லாம் நின்ன இடத்துல நிக்கி."

"முத்துஹரிஷ்?"

"அவன் இருபது கிராம் கூடியிருக்கானாம்."

சுபிதா மெல்ல மூச்சுவிட்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள். தங்கபுஷ்பம் கிண்ணத்தைக் கலக்கி அடுத்த கரண்டியை எடுத்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும், பேரும் வயசும் எடையும் தெரியும், சிந்தாமல் ஊட்டினாள்.